வயிற்றைக் கலக்கும் அச்சமும் நாம் சொல்லும் தீர்ப்பும்

அல்லாஹ்வின் திருப்பெயரால்.



அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டும் இளைஞர் ஒருவர் சிறுவயதில் நம்மிடம் ஓதியவர். வெள்ளிக்கிழமைகளில் முதல் ஸஃப்பில் வந்து அமர்வார். சிறிது காலத்தில் அவர் கடைசி ஸஃப்புக்கு நகர்ந்தார். பிறகு வாசலோரம் நின்றார். அதன்பின் ஜும்ஆவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவருடைய அத்தா நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், நீங்கள் கூப்பிட்டுச் சொன்னால் கேட்பான்" என்று கண்கலங்கினார். நாமும் அழைத்தோம். குத்பா தொடங்கியதும் நெஞ்சு படபடப்பதாகவும், கை மரத்துப் போவதாகவும், வயிற்றைக் கலக்கிக்கொண்டு வருவதாகவும், எழுந்து ஓடவேண்டும் போலிருப்பதாகவும் அவர் கூறினார். நாம் அவரைக் கூர்ந்து பார்த்து, "தம்பி, இது ஈமானின் பலவீனம். தவக்குல் இருந்தால் பயம் வராது. இன்னும் இரண்டு ரக்அத் கூடுதலாகத் தொழு" என்று சொல்லி அனுப்பினோம். கடமையை நிறைவேற்றிவிட்ட நிம்மதியோடு அன்று உறங்கியும் போனோம்.

எட்டு மாதங்கள் கழித்து அவரே நம்மைத் தேடி வந்தார். இடைப்பட்ட காலத்தில் மூன்று முறை நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறார். மூன்று முறையும் இ.சி.ஜி. சரியாகவே இருந்திருக்கிறது. 'கேஸ்' மாத்திரையைக் கைநிறைய விழுங்கியிருக்கிறார். உடல் இளைத்திருந்தது. இறுதியில் மருத்துவர் ஒருவர், "நீங்கள் எதை நினைத்து இவ்வளவு பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டு மனநலப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார். சிகிச்சை பெற்றுத் தேறிய பின்பே நம்மிடம் வந்திருந்தார். குறை சொல்லும் தொனி அவரிடம் சிறிதும் இல்லை. "ஹஜ்ரத், நீங்கள் சொன்னபடியே கூடுதலாகத் தொழுதேன். ஒவ்வொரு சஜ்தாவிலும், இதோடு மௌத்தாகிவிடுவேன் என்றுதான் நினைத்தேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு நம்மிடம் பதில் இருக்கவில்லை. அன்று நாம் அடைந்த வெட்கமே இந்தக் கட்டுரைக்குக் காரணம். நோய் இது, பாவம் இது என்று பிரித்தறியாமல் தீர்ப்பு வழங்கும் பழக்கம் நம்மைப் போன்ற ஆசிரியர்களிடமும், பெற்றோரிடமும், ஜமாஅத்துப் பெரியவர்களிடமும் இருக்கிறது. அதை நாம் கைவிட வேண்டும் என்பதே இங்கு நாம் வைக்கும் கருத்து.

நம் மொழிக்கு முன்பே தெரிந்திருந்தது

அச்சம் வயிற்றில் குடியிருக்கிறது என்பதைத் தமிழ் வெகுகாலமாக அறிந்திருக்கிறது. வயிற்றில் புளியைக் கரைத்தது என்கிறோம். அடிவயிறு பிசைகிறது என்கிறோம். பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்கிறோம். இவை வெறும் அலங்காரப் பேச்சல்ல. நம் குடலின் சுவர்களில் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்களை அல்லாஹ் பின்னி வைத்திருக்கிறான். மூளையையும் குடலையும் ஒரு நீண்ட நரம்பு இணைக்கிறது. அதன் வழியாக இரண்டும் ஓயாது செய்தி பரிமாறிக்கொள்கின்றன. மூளை ஆபத்தை உணர்ந்தால் குடல் கலங்குகிறது. குடல் கலங்கினால் மூளை ஆபத்தென்று கருதுகிறது.

பேனிக் அட்டாக் என்று மருத்துவர்கள் சொல்லும் திடீர் அச்சத் தாக்குதல் இந்த அமைப்பின் வழியாகவே நிகழ்கிறது. பாம்பைக் கண்டவன் ஓடித் தப்புவதற்காக உடலில் ஒரு எச்சரிக்கை மணி உண்டு. அது அடித்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு வாங்கும், செரிமானம் நின்றுபோகும் அல்லது வயிறு உடனே காலியாக முயலும். பாம்பே இல்லாத இடத்தில், தறிக்கூடத்தில், பேருந்தில், பள்ளிவாசலில் அந்த மணி தானாக அடித்துவிடுவதே இந்த நோய். பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டி, பிறகு படிப்படியாக அது தணிந்துவிடும். மூச்சை வேகவேகமாக இழுத்து விடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரத்துப் போவதும், உதடு குறுகுறுப்பதும், தலை சுற்றுவதும் இதனாலேயே. சாவு வந்துவிட்டது என்றே நோயாளி நம்புகிறார். அவர் நடிக்கவில்லை; அவருடைய உடல் அவரிடம் அப்படித்தான் சொல்கிறது.

இது சில முறை நிகழ்ந்துவிட்டால், மீண்டும் வந்துவிடுமோ என்ற அச்சமே தனி நோயாக வளர்கிறது. கூடவே வயிற்று வலி, உப்புசம், ஒரு நாள் பேதி, மறுநாள் மலச்சிக்கல் என்று மாறிமாறி வரும் குடல் கோளாறும் பலருக்குச் சேர்ந்துகொள்கிறது. எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருக்க, வலி மட்டும் உண்மையாக இருக்கும். "ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை" என்றால் நோய் இல்லை என்று பொருளாகாது. நோய் வேறிடத்தில் இருக்கிறது என்றே பொருள்.

நம் கரிசல் சீமையில் இத்தனைக்கும் 'கேஸ்' என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம். இப்பெயர் இரண்டு வகையில் ஆபத்தானது. உண்மையான மாரடைப்பையும் 'கேஸ்' என்று எண்ணி, சோடா குடித்துவிட்டுப் படுத்து உயிரை இழந்தவர்கள் உண்டு. அச்ச நோயையும் 'கேஸ்' என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்களும் உண்டு. ஆகவே நெஞ்சு வலி முதன்முறையாக வந்தால், வயது எதுவாயினும், 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்வதே சரி. இதயம் நலமாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகே மற்றதைப் பேச வேண்டும். அதுபோலவே மலத்தில் இரத்தம், கருநிற மலம், காரணமின்றி எடை குறைதல், காய்ச்சல், விழுங்குவதில் சிரமம், உறக்கத்திலிருந்து எழுப்பும் பேதி ஆகியவை இருந்தால் அதை மனக்கவலை என்று ஒதுக்கிவிடலாகாது. தைராய்டு கோளாறும் இரத்தசோகையும்கூடப் படபடப்பை உண்டாக்கும். இவற்றையெல்லாம் பார்த்துத் தெளிவது மருத்துவரின் வேலை, நம்முடையதன்று.

ஓர் இமாமின் அனுபவம்

ஈமான் உள்ளவனுக்கு இப்படியெல்லாம் வருமா என்று கேட்போருக்கு ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்க்கையை நினைவூட்டுகிறோம். அவர்கள் பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் தலைமைப் பேராசிரியர். முந்நூறு மாணவர்கள் அவர்களிடம் பயின்றனர். ஹிஜ்ரி 488 ரஜப் மாதத்தில், அதாவது கி.பி. 1095-இல், அவர்களின் உள்ளத்தில் பெரும் கலக்கம் ஏற்பட்டது. பாடம் நடத்த அமர்ந்தால் நாவு எழவில்லை. அந்தத் துயரம் உள்ளத்திலிருந்து உடலுக்கு இறங்கியது. உணவு செரிக்கவில்லை, ஒரு மிடறு பானமும் ஒரு கவளச் சோறும்கூட இறங்கவில்லை. உடல் நலிந்தது. வைத்தியர்கள் வந்து பார்த்தனர். இது உள்ளத்தில் தொடங்கி உடலுக்குப் பரவிய நோய், உள்ளத்தை அரிக்கும் கவலை நீங்கினாலன்றி மருந்து பலிக்காது என்ற கருத்தைக் கூறிச் சென்றனர். இவையனைத்தையும் இமாம் அவர்களே 'அல்முன்கிது மினள் ளலால்' என்ற தம் நூலில் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அந்த வைத்தியர்கள் யாரும் அவர்களின் ஈமானைச் சந்தேகிக்கவில்லை. நோயின் ஊற்று எங்கே என்று பார்த்தனர். இரண்டு, இமாம் அவர்கள் அதை எழுத வெட்கப்படவில்லை. அன்று நம் போன்ற ஒருவர் அவர்களிடம் போய், "இன்னும் இரண்டு ரக்அத் தொழுங்கள்" என்று சொல்லியிருந்தால் அது எவ்வளவு பேதைமை!

அவர்களுக்கும் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு முன்பு வாழ்ந்த அபூஸைத் அல்பல்கீ (ரஹ்) என்ற அறிஞர் (ஹிஜ்ரி 235–322), உடல்நலம், உளநலம் இரண்டையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். அச்சம், துயரம், கோபம், திரும்பத் திரும்ப வரும் ஊசலாட்ட எண்ணம் ஆகியவற்றைத் தனித்தனி அத்தியாயங்களில் ஆராய்ந்தார். உடலின் நோய் உள்ளத்தையும், உள்ளத்தின் நோய் உடலையும் தாக்கும் என்பது அவர் கொள்கை. திடீர் நோய்க்காக வீட்டில் மருந்து வைத்திருப்பதைப் போல, மனம் அமைதியாக இருக்கும்போதே ஆறுதலான எண்ணங்களைச் சேமித்து வைத்து, அச்சம் வரும்போது எடுத்தாள வேண்டும் என்று வழி சொன்னார். இன்றைய மனநல ஆலோசகர்கள் கற்றுத்தருவதும் ஏறக்குறைய இதையே. கெய்ரோவில் 1284-இல் சுல்தான் கலாவூன் கட்டிய பெரிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. மனநோயை நோயென்று ஏற்று மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பது நம் முன்னோருக்குப் புதிதல்ல. அந்த மரபை இடையில் தொலைத்தவர்கள் நாமே.

குர்ஆன் அச்சத்தை மறைக்கவில்லை

அல்லாஹ்வின் நினைவால் உள்ளங்கள் அமைதியுறும் என்று குர்ஆன் சொல்லும்போது மருந்து எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். நல்ல கேள்விதான். அந்த வசனத்தில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அதே குர்ஆன், சூனியக்காரர்கள் முன் மூஸா (அலை) அவர்கள் மனத்துள் அச்சம் கொண்டதைச் சொல்கிறது. குழந்தையை ஆற்றில் விட்ட தாயின் உள்ளம் வெறுமையாகிப் போனதையும், அல்லாஹ் அவ்வுள்ளத்தை உறுதிப்படுத்தியதையும் சொல்கிறது. மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப் போனதைச் சொல்கிறது. துயரம் உடலைத் தாக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அவர்கள் நபிமார்கள், ஈமானின் சிகரங்கள். அச்சமும் துயரமும் வந்ததால் அவர்களின் தவக்குல் குறையவில்லை.

நம் நபி (ஸல்) அவர்கள் கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாப்புத் தேடித் துஆ செய்பவர்களாக இருந்தார்கள் என்பது புகாரியில் உள்ளது. வரவே வராத ஒன்றிலிருந்து யாரும் பாதுகாப்புத் தேடுவதில்லை. நோய்க்கு மருத்துவம் செய்யுமாறு நபியவர்கள் கிராமத்து அரபிகளுக்குக் கூறியதும், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் நிவாரணம் உண்டு என்று தெரிவித்ததும் அபூதாவூத், திர்மிதி நூல்களில் உள்ளன. துயருற்றவருக்கு வாற்கோதுமைக் கஞ்சியாகிய தல்பீனாவை ஆயிஷா (ரலி) அவர்கள் சமைக்கச் சொல்வார்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு இதமளித்துத் துக்கத்தைச் சற்றுப் போக்கும் என்று நபி (ஸல்) கூறியதை அறிவிப்பார்கள். துயரத்துக்குத் துஆவும் சொன்ன மார்க்கம், வயிற்றுக்கு இதமான கஞ்சியும் சொன்னது.

ஹிரா குகையில் முதல் வஹீ இறங்கிய நாளை எண்ணிப் பாருங்கள். அந்த மாபெரும் நிகழ்வை எந்த நோயோடும் நாம் ஒப்பிடவில்லை, அல்லாஹ் காப்பானாக. அன்று அன்னை கதீஜா (ரலி) நடந்துகொண்ட முறையை மட்டும் பாருங்கள். நடுக்கத்தோடு வந்த கணவரைப் போர்த்தினார்கள். ஏன், எதற்கு என்று துருவவில்லை. நடுக்கம் தணிந்து அவர்கள் சொன்னதைக் கேட்டார்கள். அவர்களின் நற்குணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச்சொல்லி, அல்லாஹ் உங்களைக் கைவிடமாட்டான் என்று தேற்றினார்கள். பிறகு விவரம் அறிந்த வரக்காவிடம் அழைத்துச் சென்றார்கள். போர்த்துதல், கேட்டல், தேற்றுதல், அறிந்தவரிடம் அழைத்துச் செல்லுதல். அச்சத்தில் நடுங்கும் ஒருவரைக் கண்டால் முஸ்லிம் குடும்பம் செய்யவேண்டிய நான்கும் இவையே. நாமோ நான்கையும் விட்டுவிட்டுத் தீர்ப்பில் தொடங்குகிறோம்.

ஏர்வாடியை மறக்கலாகாது

நம் ஊரிலிருந்து கமுதி, முதுகுளத்தூர் வழியாகச் சென்றால் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கிருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. அங்கே தங்கியிருந்த மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் கருகி மாண்டனர். ஓடத் தெரியாதவர்களல்ல அவர்கள், ஓட முடியாதவர்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது.

அந்த 28 பேரையும் அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் அவர்களை வெறுத்தவர்கள் என்று நாம் எண்ணவில்லை. வேறு வழி தெரியாத குடும்பத்தார் அவர்கள். முதல் படபடப்பில், முதல் உறக்கமின்மையில், "காற்றுக் கருப்பு" என்ற சொல் வீட்டுக்குள் நுழைகிறது. தாயத்து, தட்டு எழுதிக் கரைத்துக் குடித்தல், பிறகு ஊர் ஊராக அலைச்சல் என்று பாதை நீள்கிறது. மருத்துவரைக் காணும்போது நோய் முற்றியிருக்கிறது; கையில் இருந்த நகையும் போயிருக்கிறது.

ஜின் உண்டென்றும், சூனியம் உண்டென்றும் நாம் நம்புகிறோம். குர்ஆன் ஓதிப் பார்ப்பது சுன்னத்து என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒருவரின் நடுக்கத்துக்கு ஜின்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்லும் கருவி எந்த ஹஜ்ரத்திடமும் இல்லை. ஓதுபவர் ஓதட்டும்; மாத்திரையை நிறுத்தச் சொல்ல அவருக்கு உரிமையில்லை. அடிப்பதும், மிளகாய்ப் புகை போடுவதும், கட்டி வைப்பதும் மார்க்கமல்ல, குற்றம். குஜராத்தின் உனாவா கிராமத்து மீரா தாதார் தர்காவில் 2008-இல், 'தவா'வும் 'துஆ'வும் சேர்ந்தே நடக்கட்டும் என்று தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவர்கள் அமர வழி செய்தனர். பின்னர் ஏர்வாடியிலும் அதே முறை வந்தது. தவா என்பது மருந்து. மருந்தும் பிரார்த்தனையும் ஒரே திண்ணையில் அமர முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) கற்பித்ததும் இதையே அல்லவா?

மார்க்கம் தரும் இலகு

இந்நோய் உள்ளவர்களை மிகவும் வாட்டுவது தொழுகை பற்றிய குழப்பமே. அதனால் சில சட்டங்களை இங்கே நினைவூட்டுகிறோம்.

வயிற்றில் ஏதோ அசைவது போலிருந்து, உளூ முறிந்ததா இல்லையா என்று ஐயம் வந்தால், ஓசையோ நாற்றமோ உறுதிப்படாதவரை பள்ளியிலிருந்து வெளியேற வேண்டாம் என்பது முஸ்லிமில் வரும் நபிமொழி. உறுதியான ஒன்றை ஐயம் நீக்காது. எனவே வெறும் ஐயத்துக்காகப் பத்து முறை உளூச் செய்வது பேணுதலல்ல. வஸ்வாஸுக்கு விருந்து வைப்பது.

மலஜலத் தேவை உண்மையாகவே நெருக்கினால் அதை அடக்கிக்கொண்டு தொழுவதை நபி (ஸல்) தடுத்தார்கள். அவ்வேளை ஜமாஅத்தை விடுவதற்கு அனுமதி உண்டு. எழுந்து செல்வதில் வெட்கமில்லை. அப்படி எழுந்து செல்பவரைத் திரும்பிப் பார்த்து முகம் சுளிப்பதே வெட்கத்துக்குரியது.

வாயு ஓயாமல் பிரிந்து, ஒரு வக்து முழுவதிலும் உளூவோடு தொழுது முடிக்க இடைவெளியே கிடைக்காதவருக்கு 'மஃதூர்' என்ற சலுகை உண்டு. ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளில் அதன் விவரம் சற்று வேறுபடும். தத்தம் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் நேரில் கேட்டுத் தெளிவது நலம்.

நோயாளி நோன்பைப் பிற்படுத்திப் பின்னர் களாச் செய்ய குர்ஆனே அனுமதிக்கிறது. பல மருந்துகளின் நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றித்தர மருத்துவரால் இயலும். ரமளான் வந்ததும் தாமாகவே மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடாது. திடீரென நிறுத்தினால் நோய் இரட்டிப்பாகத் திரும்பும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. அனுமதியே சிறையாகிவிடக் கூடாது. பயந்த இடத்தை ஒருவர் தவிர்க்கத் தவிர்க்க அவ்விடத்தின் பயம் வளரும் என்பது மருத்துவர்களின் அனுபவம். ஆகவே முற்றாக ஒதுங்குவதைவிடச் சிறிது சிறிதாகத் திரும்புவதே நன்று. நாம் குறிப்பிட்ட இளைஞர் அப்படித்தான் திரும்பினார். முதலில் கூட்டம் குறைந்த அஸருக்கு வந்தார். பிறகு வெள்ளிக்கிழமையில் வாசலோரம், தூணருகில் என்று வந்தார். கழிப்பறைக்கு அருகில் அவருக்கென ஓர் இடத்தை முஅத்தின் யாரும் அறியாமல் ஒதுக்கி வைத்தார். அந்த முஅத்தின் செய்தது நாம் செய்த உபதேசத்தைவிடப் பெரிய தஃவா.

வீட்டில் செய்யக்கூடியவை

தாக்குதல் வந்தால் அருகில் இருப்பவர் பதறக் கூடாது. உட்கார வையுங்கள். இது முன்பே மருத்துவர் பார்த்த அதே தாக்குதல்தான், சில நிமிடங்களில் தணியும் என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்த நேரத்தைவிட அதிக நேரம் எடுத்து விடச் சொல்லுங்கள். மனம் ஒப்பினால் அந்த மூச்சோடு ஒரு திக்ரைச் சேர்த்துக்கொள்ளட்டும். கூட்டம் கூடிக் காற்றை மறைக்காதீர்கள்.

வெறும் வயிற்றில் குடிக்கும் நான்கைந்து தேநீரும், உறக்கம் கெடும் இரவு ஷிப்டும், காரமான சேவும் இந்நோய்க்கு உரம். தேநீரைக் குறைத்து, நேரத்துக்கு உண்டு, இஷாவுக்குப் பின் கைப்பேசியை ஒதுக்கி, நாள்தோறும் அரைமணி நேரம் நடந்தால் வயிறும் மனமும் சேர்ந்தே இளகும்.

பெண்களின் சிரமம் தனியானது. திருச்சுழியிலிருந்தும் நரிக்குடியிலிருந்தும் பேருந்தில் அருப்புக்கோட்டை வரும் சகோதரி, வழியில் கழிப்பறை இல்லையே என்ற கவலையில் முதல் நாள் இரவே சோற்றைக் குறைக்கிறார். கணவர் வளைகுடாவில், வாரக் கடன் வசூலுக்கு ஆள் வாசலில், வானம் பார்த்த நிலம் வெறுமையாக. அவர் வயிறு கலங்குவது ஈமான் குறைந்ததாலா? மஸ்ஜிதுகளிலும் திருமண மண்டபங்களிலும் பெண்களுக்குத் தூய்மையான கழிப்பறை கட்டுவதை ஜமாஅத்துகள் இந்நோய்க்கான சிகிச்சையில் ஒரு பகுதியாகவே கருதட்டும். கடனில் சிக்கியவருக்கு ஜகாத்தில் பங்கு உண்டு என்பதையும் நினைவிற்கொள்ளட்டும்.

மருத்துவம் எட்டாத தூரத்தில் இல்லை. அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் கட்டணமின்றிச் சிகிச்சை உண்டு. விருதுநகரில் 2022 ஜனவரியில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரையில் அரசு இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். அச்சத்தை எதிர்கொள்ளப் பயிற்றுவிக்கும் பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும், பொறுமை வேண்டும். எல்லா மாத்திரையும் அடிமையாக்கும் என்பது தவறான அச்சம். ஆனால் உடனே உறக்கம் தரும் சில மாத்திரைகள் பழக்கமாகிவிடக் கூடியவை. அவற்றை மருந்துக்கடையில் நேரே கேட்டு வாங்கி விழுங்குவதே உண்மையான ஆபத்து.

முடிவாக, நம் போன்றோருக்கு

மக்தபில் ஒரு சிறுவன் இருந்தான். மஃரிப் நெருங்கினால் வயிறு வலிக்கிறது என்பான். விடுமுறை நாளில் வலிக்காது. பொய் சொல்கிறான் என்று நாம் முடிவு கட்டினோம். வலி பொய்யல்ல, அவன் வயிற்றைக் கலக்கியது நம் கையிலிருந்த பிரம்பு. பிரம்பை அலமாரியில் பூட்டினோம். சில வாரங்களில் வலி போயிற்று, ஓதலும் வந்தது. கப்ரின் வேதனையைப் பிஞ்சுகளின் முன் வர்ணிக்கும்போது, முன்வரிசையில் ஒரு குழந்தை உறைந்து போயிருப்பதை இப்போதுதான் நம் கண் பார்க்கப் பழகுகிறது. அல்லாஹ்வின் ரஹ்மத் அவனுடைய கோபத்தை முந்திவிட்டது என்று கற்பிக்கும் நாமே, குழந்தைகளுக்குக் கோபத்தை முதலில் அறிமுகம் செய்யலாமா?

வெள்ளிக்கிழமை குத்பாவில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதைப் பேசுவோம். "எனக்கு இப்படி வருகிறது" என்று ஒருவர் சொன்னால், சர்க்கரை நோயாளியைக் கேட்பது போல, "மருத்துவரைப் பார்த்தீர்களா? மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? கூட வரட்டுமா?" என்று கேட்போம். பெண் பார்க்கும் இடத்தில் இந்நோயைக் களங்கமாகப் பேசுவதை நிறுத்துவோம்.

அந்த இளைஞர் இப்போது இரண்டாவது ஸஃப்பில் அமர்கிறார். இன்னும் எப்போதாவது எழுந்து வெளியே போவார். சிறிது நேரத்தில் உளூச் செய்துவிட்டுத் திரும்பி வருவார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் வரும்வரை அவ்விடம் காலியாகவே இருக்கும்.

உள்ளத்தின் நோயும் உடலின் நோயும் உள்ள ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! அறியாமல் நாம் காயப்படுத்தியவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் மனத்தை நமக்குத் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.